60,000 பேர் வாழ்ந்த கிராமமா? அல்பேனியாவின் வொஸ்கொபோயா பற்றி

மலைநாடன்:

மே மாதம் ஓஹ்ரித் ஏரிக்குப் போகிறேன். அங்கிருந்து அல்பேனிய எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் கோர்ச்சா நகரம். கோர்ச்சாவுக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் மலையேறினால் வொஸ்கொபோயா. 1,160 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம், சுற்றிலும் பைன் காடு, சில நூறு பேர் வசிக்கும் ஊர். இன்றைய நிலவரம் இவ்வளவுதான்.

ஆனால் பயணக் கையேடுகளைப் புரட்டினால் வேறு கதை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கே 60,000 பேர் இருந்தார்களாம், 12,000 வீடுகளாம், அச்சகமாம், கல்விக்கழகமாம். உதுமானியப் பேரரசின் ஐரோப்பியப் பகுதியில் இஸ்தான்புல்லுக்கு அடுத்த பெரிய நகரமே இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். படங்களைப் பார்த்தால் தாழ்வான சில தேவாலயங்களும் கற்சுவர் வீடுகளும் புல்வெளியும்தான் தெரிகின்றன. ஒரு முழு நாளை இதற்குக் கொடுக்கலாமா? அந்தக் கணக்கில் எவ்வளவு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டுக்காதலன்:

தாராளமாகக் கொடுக்கலாம். எண்ணிக்கைக்குப் பிறகு வருகிறேன். அந்த ஊர் அங்கே ஏன் உருவானது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அது ஆற்றங்கரை ஊர் அல்ல, துறைமுகமும் அல்ல. எல்பசான், ஓஹ்ரித் வழியாகப் போகும் பழைய ரோமானியப் பெருவழி வடக்கே விலகிப் போகிறது. விளைநிலமும் பெரிதாக இல்லை. உருளைக்கிழங்கும் கொஞ்சம் தானியமும் விளையும் மலைமண். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வணிக நகரம் எழும்பியதற்குக் காரணம் அதைக் கட்டிய மக்கள்தான். அவர்கள் அரோமானியர்கள், பால்கன் முழுவதும் விலாக் என்று அறியப்படுபவர்கள். லத்தீன் வழிவந்த மொழியைப் பேசும் ஆட்டிடையர்கள். கோடையில் மலைமேல் மேய்ச்சல், குளிர்காலத்தில் கடலோரச் சமவெளிக்கு இறக்கம் என்று வருடம் முழுக்க நடையாக நடந்தவர்கள். கம்பளி அவர்களிடமே இருந்தது, சுமக்கக் கோவேறு கழுதைகள் இருந்தன, எல்லாக் கணவாய்களும் காலுக்குப் பழக்கம். இடையன் சரக்கோட்டியானான், சரக்கோட்டி வணிகனானான்.

உயரத்திலும் ஒரு வசதி இருந்தது. கீழே கோர்ச்சாச் சமவெளியில் பெரிய சதுப்புநிலம் கிடந்தது. மலிக் சதுப்பு என்பார்கள், அதை வற்றச் செய்ததே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். மலேரியா ஒருபக்கம், நிலக்கிழார்களின் அதிகாரம் இன்னொரு பக்கம். மேலே ஏறிவிட்டால் இரண்டும் குறைவு.

கம்பளி, தோல், மெழுகு ஆகியவை துர்ரஸ் துறைமுகம் வழியாக வெனிஸுக்குப் போயின. பிறகு 1718-இல் பாசரோவிட்ஸ் உடன்படிக்கை வந்தது. உதுமானியக் குடிமக்கள் ஆஸ்திரியப் பேரரசுக்குள் போய் வணிகம் செய்ய அது வழி திறந்தது. வியன்னா, புடா, லைப்சிக் வரை நம் விலாக் வணிகர்கள் கடை விரித்தார்கள். இப்போது தேவாலயங்களின் ஆண்டுகளைப் பாருங்கள்: புனித நிக்கோலஸ் 1721, புனித மிக்கேல் 1722, புனித அத்தனாசியஸ் அதே பத்தாண்டு. உடன்படிக்கையின் மை காய்வதற்குள் மேஸ்திரிகள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஊர் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வியன்னாவாசி:

கல்வெட்டுக்காதலன் ஐயா சொன்னதற்குத் தொடர்ச்சி என் ஊரில் இருக்கிறது. அந்த மலையூரிலிருந்து வந்த குடும்பங்களில் ஒன்று சினா குடும்பம். கம்பளி, பருத்தி, புகையிலை என்று தொடங்கி ஆஸ்திரியப் பேரரசின் முன்னணி வங்கியாளர்களாகிப் பிரபுப் பட்டமும் பெற்றார்கள். புடாபெஸ்டில் டான்யூப் நதிக்குக் குறுக்கே நிற்கும் சங்கிலிப் பாலத்துக்குப் பணம் திரட்டியதில் கியோர்கியோஸ் சினாவின் பங்கு பெரியது. ஏதென்ஸில் 1842-இல் வானாய்வு நிலையம் அமைந்ததும் அவருடைய கொடையில்தான். மகன் சிமோன் சினா ஏதென்ஸ் அகாதெமிக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார். நிலவில் அமைதிக் கடல் எனப்படும் பகுதியில் ஒரு சிறு பள்ளத்துக்கு சினாஸ் என்று பெயர், இந்தச் சிமோனை நினைத்து வைத்தது.

ஆட்டு மந்தையில் தொடங்கி நிலவு வரை போன குடும்பம் என்று இங்கே கிரேக்க நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். வியன்னாவில் ஃப்ளைஷ்மார்க்ட் தெருவில் கிரேக்கத் தேவாலயம் இருக்கிறது. அதன் சிவப்புச் செங்கல் முகப்பு சிமோன் சினாவின் பணத்தில் எழுந்தது. வொஸ்கொபோயா போக முடியாதவர்கள் அதையாவது பார்க்கலாம்.

கணக்கன்:

எல்லாம் சரி. 60,000-க்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

நான் வரலாறு படித்தவன் அல்ல, பாலம் கட்டுகிறவன். எனவே கழுதையை வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 200 கிலோ தானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தாராளமான கணக்கு அல்ல. 60,000 பேருக்கு 12,000 டன். மேலே சொன்னபடி அந்த மேட்டில் விளைச்சல் குறைவு, பெரும்பகுதி கீழிருந்துதான் ஏற வேண்டும். ஒரு கோவேறு கழுதை மலைப்பாதையில் 100 கிலோ சுமக்கும். அப்படியானால் 1,20,000 சுமைகள். பனி இல்லாத எட்டு மாதத்தில் ஏற்றி முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 500 கழுதைகள், தானியத்துக்கு மட்டும். விறகு வேறு. 1,160 மீட்டர் உயரத்தில் 12,000 அடுப்பு எரிந்தால் அந்தப் பைன் காடு இரண்டு தலைமுறை தாங்காது.

அதே காலத்தில் ஏதென்ஸில் ஏறக்குறைய 10,000 பேர்தான் இருந்தார்கள். அதைப்போல ஆறு மடங்கு மலை உச்சியில்! எவரோ வீட்டு எண்ணிக்கையைப் பெருக்கிச் சொன்னார், மற்றவர்கள் அப்படியே பிரதி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

கல்வெட்டுக்காதலன்:

கணக்கன் தம்பி, உங்கள் கழுதைகளோடு எனக்குச் சண்டையில்லை. ஆய்வாளர்களிலும் பலர் அந்த எண்ணை நம்புவதில்லை. உண்மையான எண்ணிக்கை 3,500-ஐ ஒட்டியே இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஊர் அழிந்து சிதறிய பிறகு, சிதறியவர்களின் பேரப்பிள்ளைகள் வியன்னாவிலும் தெசலோனிக்கியிலும் உட்கார்ந்துகொண்டு சொல்லிச் சொல்லி வளர்த்த எண்கள் அவை. அயலூரில் வாழ்கிறவனுக்குப் பிறந்த ஊர் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஆனால் நீங்கள் அடுத்த படிக்குப் போய் "எல்லாம் கட்டுக்கதை" என்பீர்கள், அதைத்தான் தடுக்க விரும்புகிறேன். சில ஆயிரம் பேர் வாழ்ந்த மலையூரில் அச்சகமும், உயர்கல்வி நிலையமும், இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களும் இருந்தன என்பது, 60,000 பேர் நகரத்தில் இருந்தன என்பதைவிட எத்தனையோ மடங்கு வியப்பானது. எண்ணைப் பெருக்கியவர்கள் தங்கள் ஊரின் சிறப்பைக் குறைத்துவிட்டார்கள் என்பேன்.

தேன்மொழி:

நான் போயிருக்கிறேன். மலைநாடன் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் ஏமாற்றம்தான். அந்தத் தேவாலயங்கள் வேண்டுமென்றே வெளியில் ஒன்றும் காட்டாதவை. நீளமான கற்சுவர், பலகைக்கல் வேய்ந்த சாய்கூரை, ஒரு பக்கமாகத் தூண்கள் வரிசையிட்ட திறந்த தாழ்வாரம். தூரத்திலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு என்றே நினைப்பீர்கள். உள்ளே போனால் அதே சாய்கூரைக்கு அடியில் குவிமாடங்கள் ஒளிந்திருக்கின்றன! மூன்று நெடுங்கூடங்கள், தரையிலிருந்து கூரை வரை ஒரு சாண் இடம் விடாமல் ஓவியம்.

புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் செலெனிக்காவின் டேவிட் 1726-இல் வரைந்தவை இருக்கின்றன. ஆத்தோஸ் மலை மடங்களில் வேலை செய்த கை அது. பைசாந்திய மரபின் முகங்கள்தான், ஆனால் துணி மடிப்புகளில் இத்தாலியக் காற்று லேசாக வீசுகிறது. வெனிஸோடு கொடுக்கல் வாங்கல் செய்த ஊரில் அது நுழையாமல் இருந்தால்தான் அதிசயம். புனித அத்தனாசியஸ் தேவாலயத்தை வரைந்தவர்கள் கோர்ச்சாவின் கொன்ஸ்தாந்தின், அத்தனாஸ் என்ற சகோதரர்கள், 1740-களில். அங்கே வெளித் தாழ்வாரச் சுவரிலேயே உலக முடிவின் காட்சிகள், திருவெளிப்பாட்டு நூலில் வருகிறபடி. குதிரைகளும் விழும் நட்சத்திரங்களும் பலதலை மிருகமும், பாதி அழிந்தும் பாதி அப்படியேயும். உள்ளே நுழைகிற ஒவ்வொருவனும் முதலில் அதைக் கடந்துதான் போக வேண்டும். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்த வணிகர்களுக்கு இந்தப் பாடம் தேவை என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள் போலும்.

பல முகங்களில் கண்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் ஈரம் பூத்து நீலம் பச்சையாகிவிட்டது. 1960-இல் கோர்ச்சாப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம் ஒரு பக்கம். 1967-இல் அன்றைய அரசு எல்லா மதத்தையும் தடை செய்தபோது நாடெங்கும் வழிபாட்டிடங்கள் பூட்டப்பட்டதும் கிடங்குகளாக மாற்றப்பட்டதும் இன்னொரு பக்கம். இவை பிழைத்ததற்குக் காரணம், பண்பாட்டுச் சின்னங்கள் என்று முன்பே பட்டியலில் ஏறியிருந்ததுதான். எந்த அரசு கடவுளைத் தடை செய்ததோ அதே அரசின் பட்டியல்! அந்தப் பட்டியலைத் தயாரித்த வல்லுநர்களுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இன்னொன்று: கதவுகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் எங்கே என்று விசாரித்துக்கொண்டே பாதி ஊரைச் சுற்றினோம். கடைசியில் சாவியோடு வந்தவர் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. கைவிளக்கு ஒன்றை எடுத்துப் போங்கள், உள்ளே இருட்டு.

பரிதி:

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை. இது யாருடைய பாரம்பரியம்? கல்விக்கழகத்தில் பாடமொழி கிரேக்கம். அச்சகத்தின் நூல்கள் கிரேக்கம். கல்வெட்டுகள் கிரேக்கம். கிரேக்க நூல்களில் இது கிரேக்க நகரம். ருமேனிய நூல்களில் லத்தீன் இனத்தின் தொட்டில். அல்பேனியப் பாடநூல்களில் அல்பேனிய மறுமலர்ச்சியின் முன்னோடி. ஊர் ஒன்று, உரிமை கோருபவர்கள் மூவர்.

அச்சுக்கோப்பவன்:

பரிதி, உங்கள் கேள்விக்கு அங்கே அச்சான, அங்கிருந்தவர்கள் எழுதிய நூல்களே பதில் வைத்திருக்கின்றன. கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள், இது என் தொழில்.

அச்சகத்தை நடத்தியவர் கிரிகோரியோஸ் கொன்ஸ்தாந்தினிதிஸ் என்ற துறவி. நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் 1731-ஐச் சேர்ந்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகளில் சுமார் 20 தலைப்புகள். பெரும்பாலும் புனிதர்களின் விழாநாள் வழிபாட்டுக்குரிய சிறு நூல்கள். எந்தப் புனிதர்கள் என்பதைக் கவனியுங்கள்: ஓஹ்ரித் பேராயத்தின் மரபில் வந்த நாஉம் போன்றவர்கள். தங்கள் வட்டாரத்துப் புனிதர்களுக்கு அச்சில் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 1767-இல் அந்தப் பேராயத்தையே உதுமானிய அரசு கலைத்துவிட்டது. சில ஆண்டுகளில் அச்சகமும் ஓய்ந்தது.

கல்விக்கழகம் 1744-இல் புதிய அகாதெமி என்ற பெயர் பெற்றது. அதன் புகழ்பெற்ற தலைவர் தியோடோரோஸ் கவாலியோதிஸ் ஒரு அரோமானியர். இன்றைய வடமேற்குக் கிரேக்கத்திலுள்ள யோவானினாவில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் 1770-இல் வெனிஸில் வெளியிட்ட பாடநூலில் கிரேக்கம், அரோமானியம், அல்பேனியம் என்று மும்மொழிச் சொற்பட்டியல் ஒன்று வருகிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அவருக்குப் பிறகு அதே ஊரின் தானியேல் என்பவர் பல்கேரியத்தையும் சேர்த்து நான்மொழிச் சொற்கோவை செய்தார். அதன் 1802-ஆம் ஆண்டுப் பதிப்பு பிரபலம். அதன் முன்னுரைச் செய்யுளில் அல்பேனியரையும் விலாக்கரையும் பல்கேரியரையும் பார்த்து, உங்கள் பேச்சை விட்டுவிட்டுக் கிரேக்கம் கற்றுக்கொண்டு மேலேறுங்கள் என்று அழைக்கிறார்.

விந்தை இங்கேதான். அந்த மொழிகளைக் கைவிடச் சொல்லி எழுதிய நூல், இன்று அந்த மொழிகளின் பழைய சொல்வளத்துக்கு மிக அரிய ஆவணம். அல்பேனிய மொழியியலாளரும் அரோமானிய மொழியியலாளரும் அதை விட்டால் வழியில்லை. அவர் யாரை அழிக்க நினைத்தாரோ அவர்களுக்கே சொத்து சேர்த்துவிட்டார். இதில் யாருடைய பாரம்பரியம் என்று கோடு கிழிப்பீர்கள்?

பழைய அச்சுப் பிரியர்களுக்கு ஒரு கிளைச் செய்தி. கவாலியோதிஸின் சொற்பட்டியலை 1774-இல் மறுபடி வெளியிட்டு மேற்கு ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் தூன்மன், ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர். ஹாலே என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியது தரங்கம்பாடி. சீகன்பால்குவின் அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துருக்களை வார்த்து அனுப்பியது அதே ஹாலே நகரம்தான். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சேறியது. தரங்கம்பாடியும் வொஸ்கொபோயாவும் ஒன்றையொன்று அறிந்ததில்லை, ஆனால் இரண்டு ஊர்த் தாள்களும் ஒரே நகரத்து அறிஞர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கணக்கன்:

இந்தக் கிளைச் செய்திக்காகவே இழையைச் சேமித்துக்கொண்டேன். ஆனால் இவ்வளவு இருந்த ஊர் எப்படி அழிந்தது? அதையும் சொல்லிவிடுங்கள்.

கல்வெட்டுக்காதலன்:

ஒரே அடியில் அழியவில்லை. 1768-இல் ரஷ்யாவுக்கும் உதுமானியருக்கும் போர் மூண்டது. ரஷ்யர்கள் தூண்டிய கிரேக்கக் கிளர்ச்சிக்கு இந்த வணிகர்கள் ஆதரவு என்ற சந்தேகம் எழுந்தது. ஆயுதக் கூட்டங்கள் 1769-இல் ஊரைச் சூறையாடின. பணம் உள்ளவர்கள் புறப்பட்டார்கள். 1788-இல் இரண்டாவது பெரிய அடி. பொதுவாக உதுமானிய ஆளுநரான தெபெலெனா அலி பாஷாவின் கணக்கில் எழுதப்படுகிறது. யோவானினாவின் அதிகாரத்தை அவர் பிடித்ததும் அதே ஆண்டுதான். கோர்ச்சா, பெராத், மொனாஸ்திர், தெசலோனிக்கி, ஆஸ்திரியா என்று மக்கள் சிதறினார்கள். கீழே இருந்த கோர்ச்சா வளர்ந்ததில் மேலிருந்து இறங்கிய குடும்பங்களுக்கும் பங்குண்டு.

எஞ்சிய ஊரையும் 20-ஆம் நூற்றாண்டு விடவில்லை. 1916-இல் சாலி புட்காவின் ஆயுதக் குழு கொளுத்தியது. அதே புட்காவை அல்பேனிய விடுதலைப் போராளியாகவும் கவிஞராகவும் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய உண்மைதான். இரண்டாம் உலகப் போரிலும் வீடுகள் எரிந்தன. ஆக, நீங்கள் இன்று அங்கே பார்க்கும் வீடுகளில் பழையவை மிகக் குறைவு. தேவாலயங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றுப் புல்வெளிகளை அலட்சியமாகக் கடக்காதீர்கள். ஒரு தேவாலயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டுப் பார்த்தால், இடையில் இருந்த தெருக்கள் எவ்வளவு என்று புரியும். கணக்கன் தம்பி தன் மக்கள்தொகைக் கணக்கை அங்கே அடியளந்து போடலாம்.

பரிதி:

இனம், மொழி என்று கோடு கிழிக்க வேண்டாம் என்றீர்கள். ஏற்கிறேன். ஆனால் அந்த ஊரைக் கட்டிய அரோமானியர்களுக்கு இன்று என்ன கிடைத்திருக்கிறது? அல்பேனியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவர்கள் தேசியச் சிறுபான்மையினர் என்று பெயர் சொல்லி ஏற்கப்பட்டார்கள். சினா குடும்பத்தின் பெயர் நிலவில் இருக்கிறது, அவர்கள் தாய்மொழியில் ஊருக்குள் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று போகிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

வியன்னாவாசி:

நியாயமான எரிச்சல். ஆனால் சினா குடும்பமே தங்களைக் கிரேக்கர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டது. பெரும்பணம் போட்டதும் ஏதென்ஸில்தான். அவர்களின் தேர்வை நாம் இருநூறு ஆண்டு கழித்துத் திருத்த முடியாது.

பரிதி:

திருத்தச் சொல்லவில்லை. அந்தத் தேர்வைச் செய்ய வசதி இல்லாமல் மலையிலேயே ஆடு மேய்த்துக்கொண்டு தாய்மொழியைக் காப்பாற்றியவர்களைப் பற்றிப் பேசுகிறேன். தேவாலயக் கல்வெட்டில் கொடையாளியின் பெயர் இருக்கும். கம்பளி கத்தரித்தவனின் பெயர் எங்கே?

மட்டுறுத்துநர்:

விவாதம் நன்றாகப் போகிறது. பால்கன் நாடுகளின் இன்றைய எல்லைச் சண்டைகளுக்கு வேறு இழை இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

நிரலாளன்:

நான் இந்தப் பக்கம் புதிது. வொஸ்கொபோயாவுக்குப் போகிறவர்கள் வித்குக் என்ற பக்கத்து மலையூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் விலாக்கர் வாழ்ந்து, அதே காலத்தில் செழித்து, அதே காலத்தில் சரிந்த ஊர். அங்கே பிறந்தவர் நாஉம் வெக்கில்ஹார்ஜி. அல்பேனிய மொழிக்கு அப்போது நிலையான எழுத்து இல்லை. கிரேக்க எழுத்தில் எழுதினால் கிரேக்கச் சார்பு, அரபு எழுத்தில் எழுதினால் துருக்கியச் சார்பு, லத்தீனில் எழுதினால் ரோமாபுரிச் சார்பு. எனவே எவரையும் சாராத புத்தம்புதிய எழுத்துமுறை ஒன்றையே உருவாக்கி 1840-களில் அரிச்சுவடி அச்சிட்டார். அது வேரூன்றவில்லை. 1908-இல் அல்பேனியர்கள் லத்தீன் எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் எழுத்து சாகவில்லை. 2021-இல் வெளிவந்த யூனிக்கோடின் 14-ஆம் பதிப்பில் வித்குக் எழுத்துக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட யாருமே எழுதாத எழுத்து, ஊர்ப் பெயரோடு கணினியில் குடியேறிவிட்டது. பரிதி கேட்ட அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் இது இருக்கிறது.

தேன்மொழி:

வித்குக் நல்ல யோசனை, ஆனால் ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். வொஸ்கொபோயாவிலேயே ஊருக்கு வெளியே பைன் காட்டுக்குள் புனித யோவான் மடம் இருக்கிறது, 1632-ஐச் சேர்ந்தது. ஊரின் பெரிய தேவாலயங்களுக்கெல்லாம் மூத்தது. நடந்தே போகலாம், காட்டுப்பாதை இதமானது. வணிகப் பணம் கொட்டுவதற்கு முந்தைய வொஸ்கொபோயா எப்படி இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. நகரத்துத் தேவாலயங்களைப் பார்த்த கண்ணுக்கு மிக எளிமையாகத் தெரியும், எனக்கு அதுவே அதிகம் பிடித்தது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். லக்ரோர் என்று அந்த வட்டாரத்து மெல்லிய மாவு அடைப் பணியாரம். கீரையோ வெங்காயமோ தக்காளியோ உள்ளே வைத்து, மூடியின்மேல் தணல் கொட்டிச் சுடுவார்கள். சைவர்களுக்கு அதுவே போதும். கேட்டு வாங்குங்கள், சில நேரம் இறைச்சியும் வைப்பார்கள்.

மலைநாடன்:

எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு கிடைத்தது. நடைமுறைக் கேள்விகள் மட்டும் மிச்சம். ஓஹ்ரித்திலிருந்து எந்த வழி நல்லது? கோர்ச்சாவில் தங்கிப் போய் வருவதா, மேலேயே தங்குவதா? மே மாதம் குளிர் எப்படி?

கல்வெட்டுக்காதலன்:

ஏரியின் தென்கரையில் புனித நாஉம் மடத்தை ஒட்டி எல்லைச்சாவடி இருக்கிறது, அந்த வழியாகவே போங்கள். மடத்துத் தேவாலயத்துக்குள் ஒரு பார்வை பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குச் சுவரோவியம் வரைந்தவர் கோர்ச்சாவின் தெர்ப்போ. தேன்மொழி சொன்ன சகோதரர்களில் ஒருவரான கொன்ஸ்தாந்தினின் மகன். வொஸ்கொபோயா அச்சகம் வழிபாட்டு நூல் அச்சிட்டது இந்த நாஉமுக்குத்தான். தந்தையின் வேலையைப் பார்க்கும் முன் மகனுடையதைப் பார்த்துவிட்டுப் போவது தலைகீழ் வரிசைதான், பரவாயில்லை.

எல்லை தாண்டினால் பொக்ரதெஸ், அங்கிருந்து கோர்ச்சா சுமார் 40 கிலோமீட்டர். கோர்ச்சாவில் இடைக்காலக் கலை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அந்த வட்டாரத் தேவாலயங்களின் திருவோவியங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. மேலே நீங்கள் பார்க்கப்போகும் வெறும் மரச்சட்டங்களுக்கு அப்போதுதான் பொருள் புரியும். நேரமிருந்தால் 1887-இல் தொடங்கிய முதல் மதச்சார்பற்ற அல்பேனிய மொழிப் பள்ளியின் கட்டடமும் அதே ஊரில்தான்.

தேன்மொழி:

மேலேயே ஒரு இரவு தங்குங்கள். சிறு விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. கோர்ச்சாவிலிருந்து ஃபுர்கோன் என்று அங்கே சொல்லும் வேன்கள் போகும், ஆனால் கால அட்டவணையை நம்பி மாலைத் திரும்புதலைத் திட்டமிடாதீர்கள். டாக்சி பேசிக்கொள்வது நிம்மதி. மே மாதத்தில் பகல் இதமாக இருக்கும், இரவில் கம்பளி தேவைப்படும். போன உடனே விருந்தினர் இல்லத்தில் சாவி விஷயத்தைச் சொல்லிவையுங்கள், புனித அத்தனாசியஸ் தேவாலயத்துக்கும் சேர்த்து.

கணக்கன்:

போகிறபோது இரண்டு தேவாலயங்களுக்கு இடையே எத்தனை அடி என்று அளந்து இங்கே எழுதுங்கள். கழுதைக் கணக்கை நான் இன்னும் மூடவில்லை.